காகிதம் தின்ற ரேகை

பேங்கோரில் அந்தப் பெண்
என் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாய்ப் பிடித்து
கண்ணாடியில் உருட்டினாள்.
திரையில் பத்து மேகங்கள்.
துடைத்தாள். ஊதினாள். மறுபடி உருட்டினாள்.
மேகம்தான்.

"என்ன வேலை பார்த்தீர்கள்?"
காகித ஆலை. இருபத்திரண்டு வருடம்.
சுருளிலிருந்து கிழித்த தாளை
விரலிடுக்கில் ஓடவிட்டுக்
கனம் சொல்வேன், ஈரம் சொல்வேன்,
கருவி யோசித்துக்கொண்டிருக்கும்போதே.
"அப்போ, தாள்தான் தின்றிருக்கிறது" என்றாள்
வானிலை சொல்வதுபோல.
ஐம்பத்தைந்து டாலருக்கு ரசீது கொடுத்தாள்.
அதுவும் தாள்.

ஆலையின் புகைபோக்கியை வெடிவைத்துச் சாய்த்த அன்று
ஊரே மடக்கு நாற்காலி போட்டுப் பார்த்தது.
நான் போகவில்லை.
அடுத்த வாரம் வெர்னா லப்பியேர் கூப்பிட்டார்,
மாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளர்:
வேதியியல் வாத்தியார் ஃப்ளோரிடா போய்விட்டார்,
கூடைப்பந்துப் பயிற்சியாளர்
காணொளி போட்டு ஒப்பேற்றுகிறார்,
ஆர்மண்ட், உன்னிடம் பட்டம் இருக்கிறதல்லவா?
இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

நிலவறையில், பனிச்சறுக்குக் காலணிக்குக் கீழே,
எலி ஓரத்தை ருசிபார்த்த நிலையில் கிடைத்தது.
அது போதாதாம்.
ஒரோனோவிலிருந்து முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல்.
சிறப்புக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது பற்றி ஒரு பாடம்,
இரவு பத்து மணிக்கு, கொலீன் தூங்கிய பிறகு.
பாடத் தேர்வு நான்கு மதிப்பெண்ணில் போனது,
மறுபடி எழுதினேன்.
படிவத்தில் ஒரு கட்டம் கேட்டது:
கற்பித்தல் அனுபவம்?
புதிய ஆட்களுக்கு நீராவி எந்த வால்வு,
குளோரின் எந்த வால்வு என்று
சொல்லித்தந்ததை எழுதினேன். அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.

எல்லாம் ஆயிற்று. விரல் மட்டும் ஆகவில்லை.

கைநாட்டு என்று
ஒருவனை ஏளனம் செய்வார்களே,
நான் அதற்கும் லாயக்கில்லாத வாத்தியார்.
உரிமம் வரும்வரை மாற்று ஆசிரியன்,
நாளுக்கு நூற்றுப் பத்து டாலர்,
திராவகம் தொட அனுமதி இல்லை,
ஆகவே சமையல் சோடாவும் வினிகரும்.

கடைசி வரிசை டெசிரே மிஷோ கேட்டாள்:
"உங்களுக்கு ரேகையே இல்லையாமே?
பேங்கைக் கொள்ளையடிக்கலாமே!"
பேங்கும் ஆலையோடு மூடியாச்சே என்றேன்.
வகுப்பு சிரித்தது.
இரண்டு மூன்று பேர் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.
யார் வீட்டிலிருந்து யார்
எந்த ஷிஃப்ட்டுக்கு வந்தார்கள் என்று
எனக்குத் தெரியும்.

ஆறு வாரம்
வாஸலின் பூசி, பருத்திக் கையுறை மாட்டித் தூங்கினேன்.
"மந்திரவாதியோடு படுத்திருப்பதுபோல இருக்கிறது"
என்றாள் கொலீன்.
பாத்திரம் தேய்க்கக் கூடாதென்று பேங்கோர் பெண் சொன்னதை
இன்றுவரை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் முறை, மேகத்துக்குள்
ஒரே ஒரு வளைவு, இடது சுண்டுவிரலில்.
அதுவும் போதாது என்று கடிதம் வந்தது.
விரல் ஒத்துழைக்காதவர்களைப்
பெயரை வைத்துத் தேடுவார்களாம்.
நாட்டில் எத்தனை ஆர்மண்ட் சிர் இருக்கிறார்கள்,
அதில் எவன் எங்கே என்ன செய்தான்,
தேடட்டும் என்றிருந்தேன்.
ஆற்றில் பனிக்கட்டி உடைந்து நகர்ந்தது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, மின்னஞ்சல்.
நிபந்தனையோடு கூடிய உரிமம்.
வேதியியல், ஏழு முதல் பன்னிரண்டு வரை.
மூன்று வருடம் செல்லும்.

தாளில்கூட அனுப்பவில்லை.
நூலகத்து இயந்திரத்தில் நானே அச்செடுத்தேன்.
இளஞ்சூட்டோடு வந்தது.
என்னை அறியாமல் கட்டைவிரல் ஓரத்தில் ஓடியது:
எழுபத்தைந்து கிராம். யூகலிப்டஸ் கூழ்.
கொஞ்சம் அதிகமாகவே உலர்த்திவிட்டார்கள்.
எங்கள் ஆலையில் இதைத் திருப்பி அனுப்பியிருப்போம்.

சட்டம் போட்டு மாட்டலாமே என்றார் வெர்னா.
மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
திராவக அலமாரிச் சாவி
யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.